வலையில் வந்தவரின் பெயர்

பருவம் தொடங்கி இரண்டாம் நாளே எங்கள் வலையில் ஒரு மனிதர் வந்தார்.

கரைவலை இழுப்பவனுக்கு வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று கயிற்றில் தெரியும். மீன் என்றால் கயிறு துடிக்கும். அன்று துடிக்கவில்லை. பாரமாக, ஒரே சீராக வந்தது. ஒரு பக்கக் கயிற்றில் நான்கு பேர், மறுபக்கத்தில் நான்கு பேர் நின்றோம். மரக்குற்றி என்று நினைத்தோம்.

"சம்மாட்டி, பெரிய திருக்கை ஒண்டு வருது. இதோட மகளின்ர கலியாணத்தை முடிச்சிடலாம்" என்று அஜந்தன் பகிடி விட்டான்.

மடியை மணலில் விரித்தபோது பகிடி நின்றது.

முப்பது வயது இருக்கும். முகத்தை மீன் தின்றிருந்தது. கட்டம் போட்ட சாரம். இடது கைச் சின்னவிரலில் பாதி இல்லை. அது கடலில் போனதல்ல, எப்போதோ வெட்டுப்பட்டு ஆறிய காயம். வலது புஜத்தில் பச்சை நூலில் கட்டிய பித்தளைத் தாயத்து.

வலை இராயப்புவுடையது. அவர்தான் எங்கள் சம்மாட்டி. இரண்டு வருடத்துக்கு முந்தி தெற்குப் பக்கத்தில் ஒருவரின் வலையில் இப்படி வந்து, அவர் பொலிசுக்குச் சொன்னார். வலை சான்றுப்பொருளாகிப் பருவம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. அந்த வலையை நம்பியிருந்தவர்கள் மேசன் வேலைக்கும் கல்லுடைக்கவும் போனார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"சொல்லுறதோ, அடக்குறதோ?" என்று இராயப்பு கேட்டார்.

சொல்லுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடக்குவது என்றான பிறகுதான் பேச்சு வந்தது. "தாயத்துக் கட்டியிருக்கிறார். சைவக்காரராத்தான் இருக்கும். எரிக்க வேணும்" என்றேன். அந்த வலையில் சைவக்காரன் நான் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்.

"எரிச்சா புகை தெரியும், செல்வம்" என்றார் இராயப்பு. "அதோட, இந்தக் கடலில சாகிறதில பத்துக்கு ஒன்பது பேர் வேதக்காரர். தாயத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. என்ர மனிசி மார்கிறட்டும் கட்டியிருக்கிறா, கோயில் சுவாமிக்குத் தெரியாமல்."

ஒன்று அவர்கள் ஆள், இல்லாவிட்டால் எங்கள் ஆள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முஸ்லிம் ஆட்களும் முந்தி இந்தப் பக்கம் இருந்தவர்கள். அதையும் யோசிக்கவில்லை.

தாழம்பற்றைக்குப் பின்னால் மணல்மேட்டில் கிடங்கு வெட்டினோம். நேரே மல்லாத்தி, கால் கடலைப் பார்க்க வைத்தோம். இராயப்பு பரலோக மந்திரம் சொன்னார். ஒரு தடியில் பழைய வள்ளப் பலகையை வலை நூலால் குறுக்கே கட்டிச் சிலுவை செய்தோம். நான் எழுத்துக் கூட்டப் பழகியது யுத்தம் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது, நாற்பது வயதுக்குப் பிறகு. பிந்திப் பழகியதால் ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாக வைப்பேன் என்று, வள்ளங்களுக்கு இலக்கம் எழுதும் வேலை என்னிடம்தான் வரும். அன்றும் நீலப் பெயின்ற்றில் நான்தான் எழுதினேன். "பெயர் தெரியாதவர்." கீழே திகதி.

தாயத்தை அதற்கு முன்பே முடிச்சு அவிழாமல் கழற்றி எடுத்திருந்தேன். யாராவது தேடி வந்தால் காட்டுவதற்கு ஒன்று இருக்கட்டும் என்ற நினைப்பு. வலைச் சாமான் வைக்கும் வாடியின் கூரையில், கிடுகுக்குள் செருகி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை கழித்து இராயப்புவின் மகள் நிறஞ்சனா விடுமுறைக்கு வந்தாள்.

இந்தக் கரையில் இருந்து வெளிநாடு போனவர்கள் நிறையப் பேர். லண்டன், கனடா, பிரான்ஸ். வள்ளத்தில் ஒஸ்ரேலியாவுக்குப் போய் வழியில் பிடிபட்டுத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள், திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பங்களாதேசத்துக்குப் படிக்கப் போனவள் இவள் ஒருத்திதான். சிட்டகொங்கில் பெண்களுக்கான ஒரு பல்கலைக்கழகம் முழுச் செலவையும் ஏற்றுக் கூப்பிட்டது. அவள் போன நாளில், "வெள்ளம் பாக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போக வேணுமோ? மார்கழியில எங்கட வீட்டுக்கு வந்தாக் காணுமே" என்று அஜந்தன் கேட்டான்.

அவளுக்கு இப்போது மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நோன்பு மாதத்தில் நீண்ட விடுமுறை. நாங்கள் கிழிந்த வலையைப் பொத்தும்போது எங்களோடு வந்து குந்திக்கொள்வாள்.

"என்ர அறையில நாலு பேர், மாமா. ஒருத்தி ஆப்கானிஸ்தான், ஒருத்தி பூட்டான், ஒருத்தி ரோஹிஞ்சா."

"அது எந்தப் பக்கத்து நாடு?"

"நாடில்லை மாமா, ஆக்கள். பர்மாவில பிறந்தவை. நீங்கள் எங்கட ஆக்களில்லை எண்டு அங்க வீடுகளைக் கொழுத்திக் கலைச்சு விட்டிட்டாங்கள். இப்ப பங்களாதேசில முகாமில இருக்கினம். பத்து லட்சம் பேர்."

"பத்து லட்சமோ!" என்றான் அஜந்தன். "நாங்கள் மூண்டு லட்சம் இருந்ததுக்கே விடிய எழும்பி கக்கூசுக்கு லைன் நிண்டனாங்கள்."

"அங்கயும் லைன்தான் அண்ணை. கூரைக்கு அதே தறப்பாள்தான். முதல் நாள் போய் இறங்கேக்க எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்கேல்லை."

ஒவ்வொரு சனிக்கிழமையும் பல்கலைக்கழகத்துப் பஸ் அவர்களை அந்த முகாமுக்குக் கொண்டுபோகும். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பாள். பிள்ளைகளிடம் இருந்தே பேச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுதத் தெரியாது, கதைக்க மட்டும் தெரியும் என்றாள்.

இராயப்புவுக்கு இதில் பெரிய சந்தோசம் இல்லை. படித்து முடித்து வங்கியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ ஒரு கதிரையில் இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். "பெட்டை பழுதாப் போகேல்லை. அதை நான் சொல்ல மாட்டன்" என்று எங்களிடம் சொல்வார். "ஆனா ஆப்கானிஸ்தானில பள்ளிக்கூடத்தைப் பூட்டினதுக்கு என்ர குசினியில ஏன் அழுகை?"

மார்கிறட் அக்கா தேங்காய் துருவிக்கொண்டே மறுமொழி சொல்வா. "அப்ப உங்கட வலையில மீன் படாட்டி நான் ஏன் அழுகிறனான்? நானோ கயிறு இழுத்தனான்?"

ஒருநாள் நிறஞ்சனா கரையில் நடந்துவிட்டு வந்து தகப்பனிடம் கேட்டாள். "தாழையடியில நிக்கிறது ஆரின்ர சிலுவை அப்பா?"

"அது பழசு."

"பெயின்ற் புதுசாக் கிடக்குது."

இராயப்பு எழும்பி வள்ளத்தடிக்குப் போனார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வலையில் ஓட்டை தேடினேன்.

பங்குனி நடுப்பகுதியில், காலை எட்டு மணி போல, வலையைப் பாதி இழுத்துக்கொண்டு நிற்கும்போது அந்த வள்ளம் தெரிந்தது. நீளமான மரவள்ளம். எஞ்சின் சத்தம் இல்லை. நீரோட்டம் கொண்டுவந்து கரைக்கு வெளியே மண்திட்டில் ஏற்றியது. விளிம்பு முழுக்கத் தலைகள்.

"ஒஸ்ரேலியாவுக்குப் போன வள்ளம் திரும்பி வருது" என்றான் அஜந்தன். பிறகு கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "எங்கட ஆக்களில்லை" என்றான்.

இராயப்பு வலைக்கயிற்றைக் குற்றியில் கட்டச் சொன்னார். எங்கள் வள்ளத்தில் தண்ணீர்க் கலன்களை ஏற்றிக்கொண்டு போனோம். பாதி இழுத்த வலையை விட்டுப் போனால் மீன் போய்விடும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள் என்று பத்துப் பத்துப் பேராகக் கரைக்குக் கொண்டுவந்தோம். அறுபத்து மூன்று பேர். மணலில் இறங்கியவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். காவலரணில் இருந்து இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். கடற்படைக்குச் சொல்லியாகிவிட்டது, மத்தியானத்துக்கு முன் வருவார்கள் என்றார்கள். அவர்களில் மூத்தவர் சிங்களத்தில் கேட்டார், தமிழில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். வந்தவர்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறஞ்சனா சோற்றுக் கிடாரத்தின் ஒரு காதைத் தானும் மறு காதைத் தாயுமாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிட்ட வந்ததும் நின்றாள். கிடாரத்தை மணலில் வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். நாலைந்து சொல்தான் இருக்கும்.

அதுவரை சத்தமில்லாமல் இருந்த அறுபத்து மூன்று பேரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

இவர்கள்தான் அவள் சொன்ன அந்த ஆக்கள். மலேசியாவுக்கு என்று வெளிக்கிட்டவர்கள். எஞ்சின் நின்று இருபத்தாறு நாள் ஆகிறது. புறப்பட்டது இரண்டு வள்ளம். எஞ்சின் நின்ற பிறகு ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வந்தார்கள். கடல் பெருத்த ஒரு நாள் கயிறு அறுந்தது. அதன் பிறகு மற்ற வள்ளத்தைக் காணவில்லை. இதையெல்லாம் அவள் பொலிஸ்காரருக்குச் சொல்ல, அவர் கொப்பியில் எழுதினார்.

ஒரு கிழவர் மட்டும் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "ஏனாம்? உறைப்போ?" என்று மார்கிறட் அக்கா கேட்டா.

"நோன்பு மாதம் அம்மா. பயணத்தில இருக்கிறவை பிடிக்கத் தேவையில்லை. அதைத்தான் அவருக்குச் சொன்னனான். யோசிக்கிறார்."

"எங்களுக்கும் இது தவக்காலம்தானே. சாப்பிட்டிட்டு யோசிக்கச் சொல்லு."

நிறஞ்சனா சொன்னாள். கிழவர் மார்கிறட் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

அப்போதுதான் ஒரு பெண் எழும்பி நிறஞ்சனாவின் கையைப் பிடித்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். பெயர் சோமிரா என்று பிறகு அறிந்தோம். அவள் சொல்லச் சொல்ல, நிறஞ்சனா எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"மற்ற வள்ளத்தில இவாவின்ர தம்பி இருந்தவராம். அந்த வள்ளத்து ஆக்கள் ஆரும் இந்தக் கரைக்கு வந்தவையோ எண்டு கேக்கிறா. உயிரோடயோ, இல்லாமலோ. இடக்கைச் சின்னவிரல் பாதி இல்லையாம், அரிசி மில்லில வெட்டினது. தாய் கட்டிவிட்ட தாயத்து இருக்குமாம். பச்சை நூல்."

எட்டுப் பேரும் அங்கேதான் நின்றோம். அஜந்தன் காற்பெருவிரலால் மணலைக் கிண்டினான். நான் இராயப்புவைப் பார்த்தேன். பொலிஸ்காரர் இருபது அடி தள்ளிப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இல்லையெண்டு சொல்லு" என்றார் இராயப்பு.

நிறஞ்சனா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாழம்பற்றைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லன்."

"நான் சொல்ல மாட்டன் அப்பா. நீங்களே சொல்லுங்கோ. இல்லையெண்டு சொல்லப் பாசை வேண்டாம். அவாவைப் பாத்துத் தலையை ஆட்டினாக் காணும். விளங்கும்."

"விசர்க் கதை கதையாத. வலை போகும்."

"தெரியும்."

"எட்டுக் குடும்பம் இருக்கு. பருவம் இப்பதான் தொடங்கினது."

"தெரியும் அப்பா."

"முன்பின் தெரியாத ஆக்களுக்காக..."

"எனக்குத் தெரியும். இவா இருந்தது நான் படிப்பிக்கப் போற முகாமிலதான். தெரியாட்டியும் பரவாயில்லை. தம்பி எங்க எண்டு கேக்கிறா. மறுமொழி எங்கட கரையில கிடக்குது. வேற எங்கயும் போய் இவா கேக்க ஏலாது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பொலிஸ்காரர் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேச்சு யாரிடம் நிற்கிறது என்று தெரிந்தது. இராயப்புவுக்கு முன்னால் வந்து நின்று தன் இடது கையைத் தூக்கினாள். சின்னவிரலைப் பாதியில் மடக்கிக் காட்டினாள்.

இராயப்பு தலையை ஆட்டப் பார்த்தார். கழுத்து ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். கரையில் ஒருவர் எதற்காகத் தலைத்துண்டை அவிழ்ப்பார் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

நான் வாடிக்குப் போய்க் கிடுகுக்குள் இருந்து தாயத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. நூலின் முடிச்சைத்தான் பார்த்தாள்.

இராயப்பு நேரே பொலிஸ்காரரிடம் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாழம்பற்றைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கரையில் பாதி இழுத்தபடி கிடந்த வலையைக் காட்டினார். பொலிஸ்காரர் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினார்.

கடற்படை வருவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் விட்டார். சோமிராவும் கிழவரும் நிறஞ்சனாவும் நாங்களும் போனோம். கிழவர் சூரியனைப் பார்த்துத் தொழும் திசையைப் பிடித்தார். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். மல்லாத்தி, கால் கடலைப் பார்க்க என்று நான் சொன்னேன்.

"அப்பிடி வைக்கிறதில்லையாம்" என்று நிறஞ்சனா சொன்னாள். "ஆனா தெரிஞ்ச விதத்தில செய்திருக்கிறியள் எண்டுறார்."

"சிலுவையை என்ன செய்யிறது எண்டு கேள்" என்றார் இராயப்பு.

சோமிராதான் மறுமொழி சொன்னாள். நிறஞ்சனா அதைத் தமிழில் சொன்னாள். "இதை நடேக்க ஆராவது ஏதாவது ஓதினவையோ எண்டு கேக்கிறா."

"பரலோக மந்திரம் சொன்னனான்."

அவள் அதைச் சொன்னாள். சோமிரா தலையாட்டினாள். பிறகு இன்னும் ஏதோ சொன்னாள்.

"கழட்டினா நல்லதாம். உங்களுக்கு மனவருத்தம் இல்லையெண்டால்."

வலை நூல் முடிச்சு வெயிலில் இறுகிக் கிடந்தது. கத்தி கொண்டுவாறேன் என்றான் அஜந்தன். இராயப்பு கேட்கவில்லை. முழங்காலில் நின்று பல்லால் இழுத்து அவிழ்த்தார். குறுக்குப் பலகை கையோடு வந்தது. அதை என்னிடம் நீட்டினார். மறுபக்கத்தில் எழுத்து இல்லை.

"பேர் என்னவாம்?"

"ரஷீதுல்லா."

"தமிழில எழுதினா அவைக்கு வாசிக்க ஏலாதே, பிள்ளை."

"இந்தக் கரையால போறவை வாசிப்பினம்தானே மாமா. எழுதுங்கோ."

பெயின்ற் வாடியில் இருந்தது. எழுதினேன். மெதுவாகத்தான் வந்தது. அவர்கள் நின்றார்கள்.

பதினொன்றரைக்குக் கடற்படை வந்தது. ஏறுவதற்கு முந்தி சோமிரா தாயத்தை நிறஞ்சனாவின் கையில் வைத்து மூடினாள். இவர்களை எங்கே வைப்பார்கள், எவ்வளவு காலம் வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. தாய் இன்னும் அந்த முகாமில்தான் இருக்கிறாளாம். எந்தப் பகுதி, எத்தனையாம் கொட்டில் என்று சொன்னாள். மூத்த பொலிஸ்காரர் அந்த நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றதெல்லாம் நாங்கள் நினைத்தபடியேதான் நடந்தது. நீதவான் வந்தார். தோண்டிப் பார்த்தார்கள். திரும்ப வைத்தார்கள். இந்த முறை ஒரு மௌலவி வந்து, வலப்பக்கம் சரித்து, முகத்தைக் கடலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். எட்டுப் பேரும் வாக்குமூலம் கொடுத்தோம். எல்லாருக்கும் நீதிமன்றத்தில் தவணை போட்டிருக்கிறது. வலையைச் சுருட்டி லொறியில் ஏற்றினார்கள். அந்த வலையைச் சுருட்ட எட்டுப் பேர் வேண்டும். நாங்களே சுருட்டி ஏற்றிக் கொடுத்தோம்.

எட்டில் மூன்று பேருக்கு நிறஞ்சனா மேல் கோபம் இருக்கிறது. ஒருவர் இராயப்புவோடு இப்போது கதைப்பதில்லை. நான் அதில் சேர்த்தியில்லை. ஆனால் கோபிப்பவர்களைப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் அரிசி இருக்கவேண்டும்.

நிறஞ்சனா நாலு நாள் நீதிமன்றத்துக்கும் தடுத்து வைத்திருந்த இடத்துக்கும் போய் மொழிபெயர்த்தாள். ஐந்தாம் நாள் அவளுக்குப் பயணம். எனக்கு அன்று கண்டாவளையில் வரம்பு கட்டும் வேலை கிடைத்திருந்தது. அதே பஸ்சுக்கு மண்வெட்டியோடு நின்றேன். தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். அஜந்தனும் வேலை தேடி நின்றான்.

இராயப்பு மகளிடம் கேட்டார். "அந்த முகாம் நீ படிக்கிற இடத்தில இருந்து எவ்வளவு தூரம்?"

"பஸ்சில நாலு மணித்தியாலம் அப்பா."

"இஞ்ச இருந்து பூநகரிக்குப் போற நேரம்."

"ஓம். பஸ் மாறிப் போனால் அவ்வளவுதான்."

"அப்ப கிட்டத்தான்" என்றார். "நீ தனியப் போகாத. அறையில இருக்கிற அந்த ரோஹிஞ்சாப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு தாயிட்டச் சொல்லப் போறாய், தனியச் சொல்லக்கூடாது" என்றார்.

"ஓம் அப்பா."

"திரும்பக் கிடத்தினதையும் சொல்லு. சரியான பக்கமா."

பஸ் வந்தது. "சம்மாட்டி, அந்தத் தாயத்துக்கும் டிக்கெற் எடுக்க வேணுமோ?" என்றான் அஜந்தன். ஒருவரும் சிரிக்கவில்லை. நிறஞ்சனா மட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் மண்வெட்டியை ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் இருந்தேன். கண்டாவளைச் சந்தியில் இறங்கினேன். விமானத்துக்குப் போகும் பஸ்சுக்கு மாறவென்று அவள் பரந்தனுக்கு டிக்கெற் எடுத்திருந்தாள்.